பதனிடாத தோலும் பார்க்கப்படாத ஓவியமும்

கியூபாவில் பிறந்த ஓவியர் விஃப்ரெடோ லாமின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கடந்த நவம்பரில் பெரியதொரு கண்காட்சியைத் திறந்தது. அடுத்த மாதமே கேரளத்தில் கொச்சி-முசிரிஸ் பினாலேயின் 6-ஆவது பதிப்பு தொடங்கியது. சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு இது அறுபதாம் ஆண்டு. மூன்றும் தனித்தனிச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால், மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது. ஒரு சமூகம் படைத்த ஓவியத்துக்கு மதிப்பை உண்டாக்குபவர் யார்? அந்த ஓவியத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

நான் ஓவிய விமர்சகன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் அறியப்படும் வட்டாரத்தில், ஜவ்வாது மலையடிவாரமான ஆலங்காயத்தில் வசிப்பவன். எனவே இந்தக் கேள்வியை எங்கள் மண்ணுக்குப் பழகிய ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

தோல் சொல்லித்தரும் பாடம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட அரைப்பதத் தோல்தான் பல தலைமுறைகளாக இந்தப் பகுதியின் ஏற்றுமதிப் பொருள். 'கிழக்கிந்தியத் தோல்' என்று உலகச் சந்தையில் அதற்குப் பெயர். வாங்கியவர்கள் ஐரோப்பாவில் அதை மெருகேற்றி, காலணியாகவும் கைப்பையாகவும் மாற்றிப் பன்மடங்கு விலைக்கு விற்றார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கிய உழைப்பு இங்கே. இலாபத்தின் பெரும்பங்கு அங்கே. 1972-இல் அமைந்த சீதாராமையா குழு இந்த நிலையை மாற்றப் பரிந்துரைத்தது. தொடர்ந்து அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோல், காலணி, காலணியின் மேற்பகுதி என உற்பத்தி படிப்படியாக மேலேறியது. அந்த மாற்றத்தின் விலையாகப் பாலாறு பட்ட பாடு தனிக்கதை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது இந்த நதியின் பொருட்டே.

நான் சொல்ல வருவது மதிப்புக்கூட்டல் பற்றி. ஒரு தோலின் விலையைத் தோல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தொடர்ந்து வரும் ஒவ்வொரு கட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஓவியத்துக்கும் இது பொருந்தும், இன்னும் கூர்மையாக. துணிக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவு அற்பம். காட்சிக்கு வைப்பது, விவரப் பட்டியல் அச்சிடுவது, விமர்சனம் எழுதுவது, பொது அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாப்பது, பாடநூலில் சேர்ப்பது ஆகியவையே ஓவியத்தின் பதனிடும் கட்டங்கள். அவை இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த படைப்பும் பரணில் கிடக்கும் பொருளாகவே எஞ்சும்.

கரும்புத் தோட்டத்திலிருந்து ஓர் ஓவியம்

கியூபாவின் கதை இதற்குத் தக்க சான்று. லாமின் தந்தை சீனாவிலிருந்து குடியேறியவர். தாய் ஆப்பிரிக்க, ஸ்பானிய வழித்தோன்றல். 1902-இல் பிறந்த லாம், ஸ்பெயினிலும் பாரிஸிலும் பயின்று, பிக்காசோவின் நட்பைப் பெற்று, போர்க்காலத்தில் 1941-இல் தாயகம் திரும்பினார். 1943-இல் அவர் வரைந்த 'காடு' என்ற ஓவியத்தில் கரும்பும் மூங்கிலும் மனித உடல்களும் முகமூடிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அடிமைகளின் உழைப்பால் எழுந்த சர்க்கரைப் பொருளாதாரத்தின் நினைவு அது. கேத்தாண்டப்பட்டி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பகுதிக்காரருக்கு அந்த ஓவியத்தை விளங்கிக்கொள்ளப் பெரிய உரை தேவைப்படாது.

1944-இல் நியூயார்க் அருங்காட்சியகம் நவீன கியூப ஓவியர்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. அதையொட்டி கியூப ஓவியம் குறித்த நூலும் வெளியாயிற்று. மறு ஆண்டு 'காடு' அந்த அருங்காட்சியகத்தின் உடைமை ஆயிற்று. ஆனால், கண்காட்சியும் கொள்முதலும் மட்டுமே மதிப்பை நிறைவு செய்துவிடுவதில்லை. அதே ஓவியம் பல ஆண்டுகள் அருங்காட்சியகத்தின் மைய அறைகளுக்கு வெளியே, பார்வையாளர்கள் மேலங்கிகளைக் கழற்றிவைக்கும் அறைக்கு அருகிலான நடைவழியில் தொங்கியது. 1980-களின் இறுதியில் ஒரு விமர்சகர் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நடைவழியிலிருந்து முழுக் கண்காட்சியின் நடுவிடத்துக்கு வர அந்த ஓவியத்துக்கு எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. எங்கே மாட்டப்படுகிறது என்பதும் மதிப்பின் பகுதியே.

கியூபா இன்னொன்றும் செய்தது. 1962 முதல் அமெரிக்காவின் வணிகத் தடையில் தவிக்கும் அந்தச் சிறிய நாடு, லாம் மறைந்த மறு ஆண்டு அவர் பெயரில் கலை மையம் அமைத்தது. 1984-இல் ஹவானா பினாலேயைத் தொடங்கியது. இலத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்க, ஆசியக் கலைஞர்களை மேற்கின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஓரிடத்தில் கூட்டுவதே அதன் நோக்கம். முன்னோடிகளின் நவீன ஓவியத்தையும் சமகாலக் கலையையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. முந்தைய தலைமுறை எழுப்பிய கேள்விக்கு இன்றையவர் என்ன விடை தருகிறார் என்பது அப்போதுதான் பார்வையாளருக்குப் புலப்படும்.

நம்மிடம் இருப்பது

தமிழ்நாட்டிலும் அதற்கு இணையான வரலாறு உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை மெரினாவில் பார்க்காதவர் இரார். அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், கோயம்புத்தூரில் பிறந்தவர். மேற்கின் நவீனத்தைப் படியெடுக்காமல், இம்மண்ணின் கோட்டையும் குறியையும் கொண்டு நவீனமாக வரைய முடியுமா என்று கேட்டவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும், எந்த மொழியிலும் படிக்க முடியாத எழுத்துகளும், கணக்குக் குறிகளும் நிறைந்திருக்கும். பஞ்சாங்கத்தைப் புரட்டிய எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. தனபால், முனுசாமி, சந்தானராஜ், ஆதிமூலம், பாஸ்கரன், சுல்தான் அலி, ஜானகிராம் எனச் சென்னை ஓவிய இயக்கத்தின் வரிசை நீளமானது.

சோழமண்டலம் உருவான விதம் பொருளியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தகுந்தது. ஓவியம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று உணர்ந்த இளைஞர்கள், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் கடலோரத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். பகலின் ஒரு பகுதி கைவினைக்கு, மறுபகுதி ஓவியத்துக்கு. புரவலரும் இல்லை, மானியத்தை நம்பிய தொடக்கமும் இல்லை. அதே 1966-இல்தான் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் ஆகிய இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நிகழ்கலைகளின் பொருளாதார நெருக்கடி குறித்த நூலை வெளியிட்டனர். ஆலைத் தொழிலில் இயந்திரத்தால் உற்பத்தித்திறன் உயர்வதுபோல் கலையில் உயராது. ஆகவே கலைக்கான செலவு காலந்தோறும் கூடிக்கொண்டே போகும் என்பது அவர்களின் வாதம். அவர்கள் ஏட்டில் எழுதிய சிக்கலுக்கு ஈஞ்சம்பாக்கம் இளைஞர்கள் கையால் ஒரு விடை கண்டார்கள்.

2009-இல் சோழமண்டலத்தில் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்து முன்னோடிகளை நிலையாகக் காட்டும் அருங்காட்சியகமும், இன்றைய கலைஞர்களுக்கான காட்சிக்கூடங்களும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஹவானாவில் ஓர் அரசு செய்ததை இங்கே கலைஞர்களின் கூட்டமைப்பே செய்திருக்கிறது. இதில் பெருமை கலைஞர்களுக்கு. அரசுக்கும் சமூகத்துக்கும் என்ன பங்கு என்று கேட்டால்தான் விடை சுருங்கிவிடுகிறது.

தேசிய நவீனக் கலைக்கூடம் தில்லியில் 1954-இலும், மும்பையில் 1996-இலும், பெங்களூரில் 2009-இலும் திறக்கப்பட்டது. இந்தியாவின் பழமையான கலைப் பள்ளிகளுள் ஒன்றைக் கொண்ட சென்னையில் அதற்குக் கிளை இல்லை. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் அழகிய தேசியக் கலைக்கூடக் கட்டடம் அதன் நிலை காரணமாகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. சென்னையில் கற்பித்து, சோழமண்டலத்தை நிறுவி, 1977-இல் மறைந்த பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனி அரசுக் கூடம் இருப்பது திருவனந்தபுரத்தில். கேரளத்தை இதற்காகக் குறைசொல்ல முடியாது, பாராட்டத்தான் வேண்டும். அரைப்பதத் தோலை அனுப்பிவிட்டு மெருகேறிய காலணியை வேறிடத்தில் பார்த்த கதை நமக்குப் புதிதல்லவே.

ஏலமும் சட்டமும்

இந்திய ஓவியச் சந்தை இன்று கொழித்துக்கொண்டிருக்கிறது. 2023-இல் அம்ரிதா ஷெர்கிலின் ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' 1 கோடியே 37.5 இலட்சம் டாலருக்கு, அதாவது ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விற்றது. இந்த உச்சங்களில் சென்னை இயக்கத்தின் பெயர்கள் இல்லை. தரக்குறைவே காரணம் என்று எண்ணுவது சந்தையை அறியாதவர் பேச்சு. மும்பைக்கும் தில்லிக்கும் வங்கத்துக்கும் கிடைத்த நூல்களும் கண்காட்சிகளும் பொதுச் சேகரிப்புகளும் சென்னைக்குக் கிடைக்கவில்லை. பதனிடும் கட்டங்கள் இங்கே பாதியில் நின்றுபோயின.

ஏல விலையே கலையின் அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. மூன்று நூற்றாண்டு ஏல விவரங்களை ஆராய்ந்து 1986-இல் கட்டுரை எழுதிய அதே பாமோல், ஓவியத்தில் இட்ட முதலின் உண்மையான ஆண்டு வருவாய் சராசரியாக அரை விழுக்காடுதான் என்று கணக்கிட்டார். ஓவியத்தின் உண்மையான பலன் அதைப் பார்ப்பதிலேயே இருக்கிறது. அப்படியானால், பார்ப்பவரின் எண்ணிக்கையைப் பெருக்குவதே நல்ல கொள்கையாக முடியும்.

நம் சட்டங்களோ வாங்குபவரையும் விற்பவரையும் மட்டுமே கருதுகின்றன. கடந்த செப்டம்பரில் ஓவியங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரவேற்கத்தக்கதே. ஓவியம் வாங்குபவருக்கு அது உதவும். பார்க்க ஓரிடம் இல்லாத மாணவிக்கு உதவாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53-அ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் 10 விழுக்காட்டை மிகாத பங்கு படைப்பாளிக்கோ வாரிசுக்கோ உண்டு என்கிறது. 1994-இல் சேர்க்கப்பட்ட இந்த உரிமை ஏட்டளவிலேயே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்கீழ், ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. ரவி வர்மா, இரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், ஷெர்கில் முதலியோர் உள்ள அந்தப் பட்டியலில் சென்னை இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரும் இல்லை. அறிவிப்பு வந்தால் வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அதனால் கலைஞரின் குடும்பத்துக்கு இழப்பு நேரலாம் என்பதையும் மறுக்க மாட்டேன். அந்த இழப்பைப் பொதுக் கொள்முதலால் ஈடுசெய்யும் துணிவு இருந்தால் மட்டுமே பட்டியலை நீட்ட வேண்டும்.

வயிற்றுக்குப் பிறகுதானே கலை?

எதிர்க்கேள்வி ஒன்று எழும். கடந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஆம்பூர்ப் பகுதித் தொழிலாளர் குடும்பங்கள் கலங்கி நின்றன. வேலையே நிலையில்லாத ஊரில் ஓவியக் கண்காட்சி எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஆலங்காயத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர். 1960-களில் அங்கே தொலைநோக்கி நிறுவப்பட்டபோதும் மலைவாழ் மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் போதிய அளவில் இல்லை. அதைக் காரணம் காட்டி வானாய்வு கைவிடப்படவில்லை. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டதில் காவலூருக்குப் பங்கு உண்டு. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே தொடங்கிவைக்கப்பட்டது. சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களும் சென்று வானத்தைப் பார்க்கலாம். நட்சத்திரத்தைப் பார்க்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டென்றால், பணிக்கரையும் ஆதிமூலத்தையும் பார்க்கும் உரிமை ஏன் இல்லை? 2019-இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் நவீன ஓவியத்துக்கெனப் பொதுக் காட்சிக்கூடம் இல்லை. சோழமண்டலம் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு தொழிலாளிக் குடும்பம் சென்றுவர ஆகும் செலவோ ஓரிரு நாள் கூலியை விழுங்கிவிடும். தொலைவும் ஒருவகை நுழைவுக் கட்டணமே.

காலணி வடிவமைப்பு, தையல், அச்சு, வண்ணம் ஆகியவற்றில் வாழும் வட்டாரம் இது. கண்ணின் பயிற்சி இங்கே தொழில் மூலதனமும் ஆகும். பிறர் வரைந்து தரும் மாதிரியைத் தைத்துக் கொடுப்பதிலிருந்து, நாமே மாதிரியை வரையும் நிலைக்கு உயர வேண்டும் என்று அரை நூற்றாண்டாகப் பேசுகிறோம். அந்தப் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் பள்ளி. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரைப் பகுதிநேரத்தில் நிறுத்திவிட்டு முழுநேரக் கலையுணர்வை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

செய்யக்கூடியவை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-இல் பிரிட்டன் இசைக்கும் கலைக்கும் ஊக்கமளிக்க ஒரு குழுவை அமைத்தது. 1942 முதல் அதற்குத் தலைமை தாங்கியவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். குண்டு விழும் நாட்களில் ஓவியங்கள் சிற்றூர்களுக்குப் பயணமாகக் கொண்டு செல்லப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் ஆகப்பெரிய பொருளியலாளருக்கு அது ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

தமிழ்நாடும் இதைச் செய்யலாம். முதலாவதாக, எழும்பூர் அருங்காட்சியகம், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள், லலித் கலா அகாதெமியின் சென்னை மையம் ஆகிய பொது அமைப்புகளிடம் உள்ள நவீன ஓவியங்களைக் கணக்கெடுத்து, தமிழில் விளக்கத்தோடு விவரப் பட்டியல் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, அவற்றிலிருந்து தேர்ந்த மூல ஓவியங்களும் தரமான படிகளும் ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டங்களுக்குப் பயணிக்க வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்தோறும் நூலகமும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. மூன்றாவதாக, முன்னோடிகளோடு இன்றைய கலைஞர்களையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஜவ்வாது மலைக்கு மறுபுறமுள்ள திருவண்ணாமலையில் பிறந்தவர் சந்தானராஜ்; அதே ஊரில் பிறந்து 2014-இல் கொச்சி பினாலேயில் இடம்பெற்றவர் பெனிதா பெர்சியாள். இருவரின் படைப்புகளும் ஒரே கூடத்தில் அருகருகே நின்றால், கலை என்பது எங்கோ பிறர் செய்வது என்ற எண்ணம் எங்கள் மாணவர்களிடம் கரையும்.

பணத்துக்கு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, பொது நூலகம் ஆகியவை வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. இந்த வட்டாரத்து மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் இலாபம் ஈட்டிய பெரிய நிறுவனங்கள், அந்தப் பங்கில் ஒரு துளியை இங்கே ஒரு காட்சிக்கூடத்துக்கு ஒதுக்கினால் அதைத் தருமம் என்று சொல்ல மாட்டேன், கடன்தீர்ப்பு என்பேன். பாலாற்றைத் தூய்மையாக்கும் கடமைக்கு இது மாற்றாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கலைக்குக் கொடை தந்த அதே கியூப அரசு, 2018-இல் 349-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து, அரசின் ஒப்புதலின்றிக் கலைஞர்கள் பொதுவெளியில் இயங்குவதைக் கட்டுப்படுத்தியது. எதிர்த்த கலைஞர்கள் சிறையும் புலம்பெயர்வும் கண்டனர். பணம் தரும் கை தூரிகையையும் பிடிக்கத் தொடங்கினால் கலை மடிந்துவிடும். கெய்ன்ஸ் உருவாக்கத் துணைநின்ற பிரிட்டிஷ் கலை மன்றம், அரசு நிதி தரும், தேர்வைக் கலை அறிந்தோர் செய்வர் என்ற இடைவெளியைப் பேணியது. இங்கும் எந்தப் படம் பயணிக்க வேண்டும் என்பதைக் கலைஞர்களும் ஆசிரியர்களும் அடங்கிய தன்னாட்சிக் குழுவே முடிவு செய்ய வேண்டும்; அமைச்சரகமோ கொடையளிக்கும் ஆலையோ அல்ல.

லாமின் ஓவியம் நடைவழியிலிருந்து நடுக்கூடத்துக்கு வர எண்பது ஆண்டுகள் ஆயின. சோழமண்டலத்துக்கு இப்போதுதான் அறுபது. அந்த இருபது ஆண்டு இடைவெளியைக் காத்திருந்தே கழிக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. வரும் நிதிநிலை அறிக்கையில் ஒரு பயணக் கண்காட்சிக்கு இடம் ஒதுக்கினால் போதும். அடுத்த கோடைக்குள் ஆலங்காயத்துப் பள்ளி மாணவி பணிக்கரின் ஜாதகக் கட்டங்களுக்கு முன் நின்று, இது என்ன என்று தன் ஆசிரியரைக் கேட்டுவிட முடியும்.